பகுதியெண் தொலைந்த தீவுகள்

புளியங்கூடலில் பிறந்த பெண்கள் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பதில் கிடைக்காது. ஊரில் இருப்பவர்களின் கணக்கு கிராம அலுவலரிடம் இருக்கும். யாழ்ப்பாண நகரிலும் வெள்ளவத்தையிலும் வீடு எடுத்தவர்களை உறவுக்காரர் விரல் விட்டுச் சொல்வார்கள். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, ரொறன்ரோ என்று போனவர்களை அந்தந்த நாட்டு ஊர் ஒன்றியக்காரர் ஓரளவுக்குச் சொல்லக்கூடும். ஒரே கிணற்றடியில் வளர்ந்த சகோதரிகளில் மூத்தவ ஊரில், நடுவிலாள் கொழும்பில், இளையவ ஸ்காபரோவில் என்று இருக்கும் குடும்பங்கள் வேலணைத் தீவு முழுவதும் உண்டு. சரவணையிலும் நாரந்தனையிலும் கரம்பொன்னிலும் இதே கதைதான்.

இந்த மூன்று சகோதரிகளுக்கும் தாய் தகப்பன் ஒன்று, பரம்பரை ஒன்று, சிறுவயதில் உண்ட ஒடியற்கூழும் ஒன்று. இருந்தும் மார்பகப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு மூவருக்கும் ஒரே அளவாக இராது. வந்தால் அது கண்டுபிடிக்கப்படும் காலமும் ஒன்றாக இராது. ஏன் என்று விளங்கிக்கொள்ள முதலில் ஊரில் கேட்கப்படும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். “இப்ப ஏன் இவ்வளவு பேருக்குக் கான்சர் வருது? அந்தக் காலத்திலை இப்பிடிக் கேள்விப்படேல்லையே.” கேட்பவர்களிடமே பதிலும் இருக்கும். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து என்பார் ஒருவர். கிணற்றுத் தண்ணீர் என்பார் இன்னொருவர். செல் விழுந்த மண் என்பார் மற்றவர்.

கேள்வி நியாயமானது. பதில்களைச் சற்று நிறுத்தி வைத்து, ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பெண்கள் வாழும் ஒரு கிராமம். ஓர் இலட்சம் பெண்களில் ஆண்டுக்கு 25 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது என்று கொள்வோம். இலங்கையின் 2010ஆம் ஆண்டு நிலை அந்த அளவில்தான் இருந்தது. அப்படியானால் இந்தக் கிராமத்துக்கு நான்கு வருடத்தில் ஒரு பெண் என்று வருகிறது. ஆனால் நோய் தவணை வைத்து வருவதில்லை. எட்டு வருடம் ஒருவருக்கும் இல்லாமல் இருந்துவிட்டு இரண்டே வருடத்தில் மூன்று பேருக்கு வரலாம். இரண்டு வருடத்தில் மூன்று பேருக்கோ அதற்கு மேலோ வெறும் தற்செயலால் வருவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை. மிகச் சிறியதுதான். ஆனால் யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆயிரம் பெண்கள் என்று வைத்துக்கொண்டால், எந்த இரண்டு வருடத்தை எடுத்தாலும் ஐந்தாறு பிரிவுகளில் இது நடந்துகொண்டே இருக்கும். அந்த ஐந்தாறு ஊர்களிலும் சனம் கிணற்றைத்தான் சந்தேகிக்கும். மற்ற நானூற்றுச் சொச்சம் ஊர்களில் ஒன்றும் நடக்காததை யாரும் கவனிப்பதில்லை.

இதனால் கிணறுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஆகிவிடாது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததும், வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதும் தனியாகவும் தீவிரமாகவும் ஆராயப்பட வேண்டியவை. ஆனால் மார்பகப் புற்றுநோய் நாடு முழுவதும் பெருகுவதற்கு அவையே காரணம் என்று காட்டும் வலுவான சான்று இல்லை. நோய் கூடுகிறதா என்று அறிய ஓர் ஊரின் துக்கச் செய்திகள் போதாது. பெரிய சனத்தொகையும் நீண்ட காலப் பதிவும் வேண்டும். தீவகத்தின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நோயின் வீதம் என்பது ஒரு பின்னம். மேலே புதிய நோயாளர், கீழே அந்த ஆண்டில் அங்கு வாழ்ந்த பெண்கள். மேலே உள்ள தொகுதியெண்ணைத் தருவது புற்றுநோய்ப் பதிவேடு. இலங்கையில் தேசியப் பதிவேடு 1985இல் தொடங்கியது. கீழே உள்ள பகுதியெண்ணைத் தருவது குடிசன மதிப்பீடு. வடக்கில் 1981இல் ஒரு மதிப்பீடு நடந்தது. 1991இல் நடந்திருக்க வேண்டியது நாட்டில் எங்குமே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம் அந்தப் பதினெட்டில் இல்லை. 2012இல்தான் முழுநாடும் மறுபடி எண்ணப்பட்டது. இடையில் 31 வருடங்கள். கிளிநொச்சியைத் தவிர்த்துப் பார்த்தால் 1981இல் யாழ் மாவட்டத்தில் 7,38,000க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். 2012இல் ஏறத்தாழ 5,83,000.

பதிவேடு வளர்ந்த காலமும் வடக்கின் பகுதியெண் தொலைந்த காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. 1990இலும் 1991இலும் தீவுகளிலிருந்து சனம் கூட்டம் கூட்டமாக வெளியேறியது. திரும்பி வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நோய் வீதம் கணித்திருந்தால் அதன் கீழே எந்த எண்ணைப் போட்டிருக்க முடியும்?

மேலே உள்ள எண்ணும் பழுதுபட்டதுதான். போர்க்காலத்தில் புற்றுநோய் என்றால் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலை என்று அர்த்தம். ஏ9 வீதி 1990இல் மூடப்பட்டு 2002இல் திறந்து 2006இல் மறுபடி மூடப்பட்டது. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பெண், மாதக்கணக்கில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிச் சிகிச்சை பெற்றார். அட்டையில் அந்த விலாசம் எழுதப்பட்டிருந்தால் அவர் கொழும்பு மாவட்ட நோயாளி. போகவே முடியாமல் வீட்டில் இறந்தவர் எந்த மாவட்டத்து நோயாளியும் ஆகவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களில் பலர் புத்தளத்திலேயே வயதானார்கள். அவர்களில் யாருக்காவது நோய் வந்தபோது அது புத்தளத்தின் கணக்கில் ஏறியது. அவர்கள் வளர்ந்த யாழ்ப்பாணச் சோனகதெருவின் கணக்கில் ஏறவில்லை.

ஆகவே வடக்கைப் பற்றிய பழைய எண்களை வைத்து, இங்கு நோய் குறைவாக இருந்தது என்று யாரும் சொல்லும்போது நான் நம்புவதில்லை. குறைவாக எண்ணப்பட்டது என்பதே அதிலிருந்து பெறக்கூடிய முடிவு.

முழுநாட்டின் எண்கள் இதைவிட உறுதியானவை. தேசியப் பதிவேட்டின் பத்தாண்டுத் தரவுகளை இலங்கை மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். 2001இல் ஓர் இலட்சம் பெண்களுக்கு 17.3 என்று இருந்த வீதம் 2010இல் 24.7 ஆகியிருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்குக்கு மேல் ஏற்றம். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே இப்போது முதலிடத்தில் உள்ளது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இந்த வீதங்கள் வயது நியமப்படுத்தியவை. அது என்ன என்பதைத் தீவகத்தை வைத்தே விளக்கிவிடலாம். மார்பகப் புற்றுநோய் வயதோடு கூடும் நோய். ஐம்பது தாண்டிய பெண்கள் நிறைந்த ஊரில் நோயாளர் கூடுதலாக இருப்பார்கள். இளம் பெண்கள் நிறைந்த ஊரில் குறைவாக இருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய், பெற்றோர் மட்டும் தங்கிவிட்ட புளியங்கூடலை இளம் குடும்பங்கள் நிறைந்த கிளிநொச்சிக் கிராமம் ஒன்றோடு நேரடியாக ஒப்பிட்டால், தீவில் நோய் பரவிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தீவில் வயதே கூடியிருக்கிறது. இந்தத் தோற்றத்தை நீக்குவதற்காக, இரண்டு ஊர்களிலும் வயதுப் பங்கீடு ஒரே மாதிரி இருந்திருந்தால் வீதம் எவ்வளவாக இருக்கும் என்று கணிக்கிறார்கள். நாட்டுக்கும் இது முக்கியம். 1981இல் இலங்கையில் அறுபது தாண்டியோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012இல் 12.4 பேர். “அந்தக் காலத்திலை கேள்விப்படேல்லை” என்பதில் ஒரு பாதிக்கு இதுவே விடை: அந்தக் காலத்தில் பலர் இந்த நோய் வரும் வயது வரை இருக்கவில்லை. இருந்தவர்களின் நோயையும் பெயர் சொல்லி யாரும் பேசவில்லை.

ஆனால் 17.3 என்பது 24.7 ஆனது வயதின் பங்கைக் கழித்த பிறகும் எஞ்சிய ஏற்றம். அதில் எவ்வளவு மெய், எவ்வளவு பதிவேடு திருந்தியதால் வந்தது? சிகிச்சை நிலையங்களிலிருந்து மட்டும் தகவல் பெற்ற பதிவேடு, பின்னர் திசுக்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடங்களிலிருந்தும் பெறத் தொடங்கியது. வலை அகலமானால் மீனும் கூடும். எனினும் அதே ஆய்வில் ஒரு தடயம் இருக்கிறது. ஏற்றத்தின் பெரும்பகுதி ஐம்பது தாண்டிய பெண்களிடையே நிகழ்ந்தது. 60 முதல் 64 வயதுப் பெண்களிடையே இலட்சத்துக்கு 68 அளவில் இருந்தது பத்தாண்டில் 100ஐத் தொட்டது. பதிவு திருந்தியது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எல்லா வயதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

2010இல் 60 முதல் 64 வயதில் இருந்த பெண்கள் யார்? 1940களின் பிற்பகுதியில் பிறந்தவர்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியை அரிவரியிலிருந்தே அனுபவித்த முதல் தலைமுறை. இலங்கைப் பெண்களின் சராசரித் திருமண வயது 1953இல் 20.9. 1981இல் அது 24.4. அவர்கள் தங்கள் தாய்மாரைவிடப் பிந்திக் கல்யாணம் செய்தார்கள். குறைவாகப் பிள்ளை பெற்றார்கள். பலர் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் எழுதுவினைஞர்களாகவும் வேலைக்குப் போனார்கள்.

மார்பகத்தின் பால் சுரக்கும் கலங்கள் பருவமடைந்ததும் முழு வளர்ச்சி அடைவதில்லை. முதல் பிள்ளை வயிற்றில் வளரும்போதுதான் அவை இறுதி வடிவத்துக்கு முதிர்கின்றன. அதுவரை ஒவ்வொரு மாதவிடாய்ச் சுற்றிலும் ஈஸ்ட்ரோஜன் அவற்றைப் பெருகத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கலப்பிரிவும் ஒரு பிழை நேர்வதற்கான சந்தர்ப்பம். கருத்தரித்திருக்கும் மாதங்களிலும் பாலூட்டும் மாதங்கள் பலவற்றிலும் இந்தச் சுற்றுகள் நிற்கின்றன. இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700களின் தொடக்கத்திலேயே, கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் கவனித்து எழுதினார். 1926இல் பிரித்தானிய மருத்துவர் ஜனற் லேன்-கிளேப்பன் நோயுள்ள 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு, பிள்ளைப்பேறும் பாலூட்டலும் நோயைக் குறைப்பதைக் காட்டினார். ஒரு நோயின் காரணங்களைத் தேட இன்று உலகம் முழுவதும் கையாளப்படும் முறைக்கு அத்திவாரம் போட்டவர் அந்தப் பெண்தான்.

2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது அளவும் தெரியவந்தது. ஒவ்வொரு பிள்ளைப்பேறும் ஆபத்தை நூற்றுக்கு 7 குறைக்கிறது. பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் மேலும் 4.3 குறைக்கிறது. இதை ஒரு தீவுப்பகுதிக் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆறு பிள்ளை பெற்று ஒவ்வொருவருக்கும் ஒன்றரை வருடம் பாலூட்டிய தாயின் ஆபத்து, பிள்ளையே பெறாத பெண்ணின் ஆபத்தில் 0.44 பங்கு. இரண்டு பிள்ளை பெற்று ஒவ்வொரு வருடம் பாலூட்டிய மகளுடையது 0.79 பங்கு. மகளின் ஆபத்து தாயுடையதைப்போல் 1.8 மடங்கு. கிணறும் மண்ணும் மாறவில்லை. ஒரே தலைமுறையில் இந்த மாற்றம் வந்துவிட்டது. பருவமடையும் வயது முந்துவதும், மாதவிடாய் நின்ற பிறகு உடல் பருப்பதும் இதன்மேல் கூடுகின்றன.

இலங்கையில் ஒரு காவல் மட்டும் இன்னும் உடையவில்லை. 2016இல் எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார ஆய்வின்படி முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகள் நூற்றுக்கு 82. உலகில் மிக உயர்ந்த வீதங்களில் இது ஒன்று. வட மாகாணமும் சேர்த்து முழுநாட்டிலும் எடுக்கப்பட்ட ஆய்வு அது. அதற்கு முந்தைய 2006–07 ஆய்வில் வடக்கு இடம்பெறவில்லை. இங்கும் அதே வெற்றிடம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை வைத்து எந்தப் பெண்ணையும் குற்றம் சொல்ல இடமில்லை. ஆறு பிள்ளை பெற்ற தலைமுறையில் எத்தனை தாய்மார் பிரசவத்திலேயே இறந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். படித்ததும் வேலைக்குப் போனதும் பிள்ளைப்பேற்றைத் தாமே தீர்மானித்ததும் பெண்கள் பெற்ற பேறுகள். அவற்றோடு வந்த ஆபத்தைச் சமாளிக்கும் கடமை சுகாதாரத் துறைக்கு உரியது.

இனி, சனக்குழுக்களுக்கு வருவோம். இலங்கையில் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று நிரல்கள் போடும் வழக்கம் உண்டு. நிரல்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தவுடன் அது இரத்தத்தில் ஊறியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பம்பாயில் ஜுசாவாலாவும் சகாக்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஒரே நகரில் வாழ்ந்த பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மற்றச் சமூகத்தாரைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. பார்சிகள் நெருங்கிய உறவில் மணம் செய்யும் சிறிய சமூகம். பரம்பரைக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் நகரிலேயே மிகப் பிந்தி மணம் செய்ததும், மிகக் குறைவாகப் பிள்ளை பெற்றதும், மிகுந்த வயது வரை வாழ்ந்ததும் அவர்கள்தான். மற்றச் சமூகங்கள் அந்த வாழ்க்கைக்கு வந்தபோது அவர்களுடைய வீதங்களும் ஏறின. பரம்பரையாக வரும் மரபணுப் பிழைகளால் உண்டாவது மொத்த நோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான்.

எங்கள் நிரல்களில் வேறொரு கோளாறும் உண்டு. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் குடிசன மதிப்பீட்டில் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிகிறார்கள். அதே பெண் வைத்தியசாலை அட்டையில் எப்படி எழுதப்படுகிறார் என்பது அங்கு எழுதுபவரைப் பொறுத்தது. பின்னத்தின் மேலும் கீழும் ஒரே ஆட்கள் இல்லாவிட்டால் அந்த வீதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ‘தமிழ்ப் பெண்கள்’ என்ற ஒரே நிரலில் ஹற்றனில் கொழுந்து பறிப்பவரும் வெள்ளவத்தை வங்கி முகாமையாளரும் நெடுந்தீவில் தனியே ஆடு வளர்க்கும் மூதாட்டியும் சேர்ந்து நிற்கிறார்கள். அவர்களுடைய ஆபத்துகளின் சராசரி அவர்களில் ஒருவருக்கும் பொருந்தாது.

இடமும் வாழ்வும் எவ்வளவு பெரியவை என்பதை ஸ்காபரோ தங்கைதான் காட்டுகிறார். இலங்கைத் தமிழரை மட்டும் வைத்துச் சொல்லாமல், மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். றெஜினா சீக்லரும் சகாக்களும் 1993இல் வெளியிட்டது. கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் வாழ்ந்த சீன, யப்பானிய, பிலிப்பைன் வம்சாவளிப் பெண்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் பிறந்தவர்களின் ஆபத்து ஆசியாவில் பிறந்தவர்களுடையதைவிட நூற்றுக்கு 60 கூடுதல். ஆசியாவில் பிறந்தவர்களிலும், மேற்கில் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கு அண்மையில் வந்தவர்களைவிட 80 கூடுதல். ஆசியாவில் நகரத்தில் வாழ்ந்துவிட்டுப் போனவர்களுக்குக் கிராமத்திலிருந்து போனவர்களைவிட 30 கூடுதல். இந்த அடுக்குகளை ஒன்றாக்கினால் கடைக்கோடிகளுக்கிடையே ஆறு மடங்கு வித்தியாசம். வம்சம் மாறவில்லை, ஆறு மடங்கும் இடத்தாலும் காலத்தாலும் வந்தது.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காணக் கடல் கடந்து பசிபிக் வரை போகவும் வேண்டாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 முதல் நகரின் பதிவேட்டை நடத்திவருகிறது. தொடங்கியபோது சென்னைப் பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்தான் முதலிடம். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மார்பகம் அதை முந்தியது. 2012–2016 காலத்தில் சென்னையின் வீதம் இலட்சத்துக்கு 42.2. இலங்கையின் 2010 அளவோடு வைத்துப் பார்த்தால், கொழும்பில் இருக்கும் நடுவிலாள் எந்தத் திசையில் நகர்கிறார் என்பது தெரியும்.

மேற்கு நாட்டு எண்களைப் படிக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. தேடினால்தான் நோய் அகப்படும். அமெரிக்காவில் 1980களில் மமோகிராம் பரவியபோது நோய் வீதம் திடீரென ஏறியது. அதில் பெரும் பங்கு, பிறகு தெரியவேண்டியது முன்பே தெரிந்ததால் வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட ஹோர்மோன் மாத்திரைகள் ஆபத்தைக் கூட்டுவதாக 2002இல் ஒரு பெரிய ஆய்வு அறிவித்தது. அவற்றின் பாவனை வீழ்ந்தது. அடுத்த வருடமே நோய் வீதம் நூற்றுக்கு ஏழு அளவில் இறங்கியது. ஒரு நாட்டின் வளைகோடு வைத்தியர் எழுதும் துண்டுக்கும் அசையும் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் ஐம்பது வயதிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டு அழைக்கிறார்கள். நோர்வேயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஆனால் அழைப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும் இல்லை. நோர்வேயில் பிறந்த பெண்களில் நூற்றுக்கு 76 பேர் போகும்போது குடியேறிய பெண்களில் 53 பேரே போகிறார்கள். ஆபத்து புதிய நாட்டின் அளவை நோக்கி ஏறுகிறது. பழக்கம் ஊரிலேயே நின்றுவிடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பெண்களைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை இதுதான். மொழி தெரியாத மாமிக்கு வந்த கடிதத்தை வீட்டில் யாராவது வாசித்து, நாளைக் குறித்து, கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

புளியங்கூடல் மூத்தவவுக்குக் கடிதம் வராது. மமோகிராமை எல்லாப் பெண்களுக்கும் ஒழுங்காகச் செய்யும் திட்டம் இலங்கையில் இல்லை. அவருடைய நோய் கையில் தட்டுப்படும் கட்டியாகத்தான் வெளிப்படும். தட்டுப்பட்ட பிறகு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

“எப்ப இருந்து அம்மா இந்தக் கட்டி?”

“போன வருசத் திருவிழாவுக்கு முன்னம் பிள்ளை. நோகேல்லை, அதுதான் பேசாமல் விட்டிட்டன்.”

நோகாதது நல்லது என்ற நம்பிக்கை எத்தனை உயிரை எடுத்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோகத் தொடங்கும்போது அது தோலையோ அக்குளையோ எலும்பையோ எட்டியிருக்கலாம். நோகாமல், கல்லாக, அசையாமல் இருக்கும் கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். பேசாமல் விடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. வீட்டில் ஆட்டையும் மாட்டையும் பார்க்க ஆளில்லை. பேத்திக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். நோய்க்கதை வெளியில் வரக்கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பதறிப்போகும். தெல்லிப்பழைக்குப் போய்வருகிறா என்றால் எதற்கு என்று ஊருக்கே தெரியும்.

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை வடக்கு மக்களுக்குக் கிடைத்த பெரும் ஆறுதல். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்தவர்கள் நாடு முழுவதும் எல்லா இன மக்களிடமும் திரட்டிய பணத்தால் எழுந்தது. 2013இல் திறந்தது. மகரகமவுக்கு ஓடிய காலத்தை நினைத்தால் அது எவ்வளவு அருகில்! ஆயினும் தீவுப் பெண்ணுக்கு அருகு என்பதும் ஒரு கணக்குத்தான். புளியங்கூடலிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம், அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பஸ். நெடுந்தீவுப் பெண்ணுக்கு அதற்கும் முதல் குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலக் கடல். காற்றுக் கிளம்பினால் படகு ஓடாது. முதல் நாள் காட்ட, மறுமுறை ஊசியால் கட்டியில் எடுத்துப் பார்க்க, பிறகு முடிவு அறிய, பிறகு ஸ்கானுக்கு என்று வைத்தியசாலை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தீவுப் பெண்ணுக்கு ஒரு முழுநாள் போகிறது. இரண்டாம் முறையோடு நின்றுவிடுபவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. களைத்துப் போனவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கென மூன்று இலக்குகள் வைத்திருக்கிறது. நூற்றுக்கு 60 பேராவது முதலாம் இரண்டாம் நிலைகளில் கண்டறியப்பட வேண்டும். வைத்தியரிடம் வந்த 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாக வேண்டும். 80 பேராவது சிகிச்சையை முடிக்க வேண்டும். இவற்றில் எதற்கும் இலட்சம் பெண்கள் தேவையில்லை. ஆயிரம் பெண்கள் உள்ள தீவிலும் கணிக்கலாம். நான்கு வருடத்தில் ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அவருக்கு எத்தனை நாள் சென்றது என்று எண்ணலாம். தொலைந்த பகுதியெண்ணை இனித் தேடி எடுக்க முடியாது. அது இல்லாமலே பயன்படும் அளவுகோல் இது.

மமோகிராம் இயந்திரம் இல்லாத இடத்தில் முன்னதாகக் கண்டுபிடிக்க வழி உண்டா? மும்பாய் ராட்டா நினைவு வைத்தியசாலை 1998 தொடக்கம் இருபது வருடம் இதை ஆராய்ந்தது. நகரின் வறிய பகுதிகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுப் பெண்களின் மார்பை, பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. முற்றிய மூன்றாம் நான்காம் நிலைகளில் கண்டறியப்பட்டவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 47. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் ஏற்பட்ட குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் இறப்பு நூற்றுக்கு 30 குறைந்திருந்தது.

தீவகத்தில் தங்கியிருக்கும் பெண்களில் பெரும் பங்கினர் அந்த வயதுக்காரர்தான். இதற்கான ஏற்பாடும் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1996இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்குகளில் மார்பைக் கையால் பரிசோதிப்பது வழமையான வேலை. ஆனால் கிளினிக்கின் அழைப்பு 35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களை முதலில் நாடுகிறது. பிள்ளை பெறும் காலம் கடந்துவிட்ட பெண்ணுக்குக் குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திக்க வேறு காரணம் இருப்பதில்லை. அவருக்கு இனி அங்கே வேலையில்லை என்று ஊரும் நினைக்கிறது, அவரும் நினைக்கிறார். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் ஐம்பது தாண்டிய பெண்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தால், மும்பாயில் கண்ட பயனை இங்கு எதிர்பார்க்க நியாயம் உண்டு. சந்தேகமான கட்டி தட்டுப்பட்டவர்களுக்கு, காட்டுவதும் ஊசியால் எடுப்பதும் ஸ்கானும் ஒரே நாளில் முடியும்படி முன்கூட்டியே நாள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். கடல் தாண்டி வருபவர்களுக்கு அது சலுகை ஆகாது. கட்டியை முதலில் கண்ட திகதி, கிளினிக்குக்கு வந்த திகதி, முடிவு கையில் கிடைத்த திகதி என்ற மூன்றையும் ஒவ்வொரு பெண்ணின் அட்டையிலும் எழுதிவர வேண்டும். புளியங்கூடலுக்கு இன்று கணிக்கக்கூடிய எண் அந்தத் திகதிகளுக்கிடையே உள்ள நாட்கள்தான்.